கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதிக்கொடுக்கும் பெண் அங்கே நிற்கும் நேரம் அரை மணிகூட இருக்காது. போட்டோ எடுப்பார்கள், கைரேகை வாங்குவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அண்ணனோ தம்பியோ கார் வைத்துக் கூட்டிவந்திருப்பார், திரும்பும் வழியில் நல்ல சாப்பாடும் வாங்கித் தருவார். "சும்மா ஒரு கையெழுத்துதான் கண்ணு, பட்டா மாத்தறதுக்குக் கேக்கறாங்க" என்பதுதான் அவளிடம் சொல்லப்பட்ட காரணமாக இருக்கும். பொள்ளாச்சிப் பக்கமானாலும் சரி, கோபாலபுரம் தாண்டி கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமானாலும் சரி, இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை.

வக்கீலாகக் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தப்போகிற வேளையில் அரசியல், பெண்ணுரிமை, நகரத்து வாழ்க்கை என்று எதைப் பற்றி எழுத நினைத்தாலும் பேனா இந்த ஒரு கையெழுத்திலேயே வந்து நிற்கிறது. பெண்ணுக்குச் சட்டத்தில் உரிமை இல்லாத காலம் போய்விட்டது. இருக்கிற உரிமையை அவளே எழுதிக்கொடுத்துவிடும்படி செய்கிற காலம் மட்டும் போகவில்லை.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இரண்டு மாநிலத்திலும் நிலம் இருக்கும். பொண்ணு எடுத்ததும் கொடுத்ததும் எல்லை பார்த்து நடந்ததில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்து திருக்கொச்சிக்குப் போயிருந்தது, பாலக்காடு மெட்ராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. ஒரே தாத்தாவின் தென்னந்தோப்பு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். மகளின் பங்கைப் பொறுத்தவரை அந்த வாய்க்கால் பெரிய பள்ளம்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் வந்தபோது தகப்பனின் தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு கொடுத்தது. பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கு மட்டும் ஆண்களோடு நின்றது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அதை மகளுக்கும் கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை வெளியே நிறுத்திவிட்டது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம்தான் அந்தத் தடையை எடுத்தது. அதே திருத்தம் 23-ஆவது பிரிவையும் நீக்கியது. அதுவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளச் சம்மதிக்காத வரை, குடியிருக்கும் வீட்டில் பாகம் கேட்க மகளுக்கு வழி இல்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக்குடும்பத்தையே ஒழித்தது. 1976 டிசம்பர் 1-இல் அது அமலுக்கு வந்தது. அன்றைக்கு யார் யார் பங்காளிகளோ அவர்களுக்குள் சொத்து பிரிந்துவிட்டதாக வைத்துக்கொள் என்றது சட்டம். முற்போக்கான சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தாய்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பங்களில் பெண்களும் கூட்டுக்குடும்ப உறுப்பினர்கள், அவர்களுக்குப் பங்கு வந்தது. ஆண்களுக்கு மட்டும் பிறப்பால் பங்கு தந்த மிதாட்சர முறையில் இருந்த தமிழ்க் குடும்பங்களிலோ அந்தத் தேதியில் பங்காளிகள் ஆண்கள் மட்டுமே.

கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் வலி தெரியும். பரம்பரை நிலம் 6 ஏக்கர். அப்பா, அம்மா, 1976-க்கு முன் பிறந்த 2 மகன்கள், 1 மகள். அப்பா 2010-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். கேரளத்தின் பழைய கணக்குப்படி 1976-இலேயே அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். அப்பாவின் 2 ஏக்கர் அவர் இறந்தபிறகு நான்காகப் பிரியும்: அம்மா, 2 மகன்கள், மகள் என்று ஆளுக்கு 50 சென்ட். ஆக மகன் ஒவ்வொருவருக்கும் 2 ஏக்கர் 50 சென்ட், மகளுக்கு வெறும் 50 சென்ட்.

அதே 6 ஏக்கர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்தால் 2005 சட்டப்படி அப்பா, 2 மகன்கள், மகள் என்று முதலில் நான்கு பங்கு, ஆளுக்கு 150 சென்ட். தென்னாட்டு வழக்கப்படி பாகப்பிரிவினையில் மனைவிக்குத் தனிப்பங்கு இல்லை என்பதால் அம்மா இந்த இடத்தில் வரமாட்டார். அப்பாவின் 150 சென்ட் பிறகு நால்வருக்கும் 37.5 சென்டாகப் போகும். மகளுக்கு 187.5 சென்ட், அண்ணன் தம்பிக்கும் அதே 187.5. அதே அப்பன், அதே மகள், அதே செம்மண். ஒரு பக்கம் 50, இன்னொரு பக்கம் 187.5.

2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், 1975 சட்டத்தின் 3, 4 பிரிவுகள் 2005 மத்தியத் திருத்தத்துக்கு முரணானவை என்றும், 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு இறந்தவரின் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு உண்டு என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு, தாமதமாக வந்த தீர்ப்பும்கூட. கேரளப் பக்கம் நிலம் உள்ளவர்கள் 50 சென்ட்டுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் முன், இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மேல்நீதிமன்றங்களில் அது இன்றைக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று தங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்பா 2005-க்கு முன்னாடியே போயிட்டாரு, உனக்கு வராது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: "அப்பவே வாய்மொழியா பாகம் பிரிச்சுட்டோம்" என்ற பதிலைச் சுலபமாக ஏற்கக் கூடாது, அதற்குப் பொது ஆவணங்களின் ஆதரவு வேண்டும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பத்திரமோ கோர்ட் டிகிரியோ இருந்தால் அது நிற்கும். வெற்றுக் காகிதத்தில் எழுதிய கூறுசீட்டை ஆட்டிக் காட்டினால் பயப்பட வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களும் நிறைய. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், மகனுக்கும் மகளுக்கும் சமம். பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-லேயே போய்விட்டது என்றது. அதன் பிறகும் கல்யாணச் செலவைக் காட்டிப் பங்கு கழிப்பது நிற்கவில்லை.

விடுதலைப் பத்திரத்துக்கு வருவோம். கேரளத்தில் இதற்கு ஒழிமுறி என்று பெயர். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், 2023 ஜூலை திருத்தப்படி எவ்வளவு பெரிய சொத்தானாலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. கோடி ரூபாய்த் தோப்பை அவ்வளவு மலிவாக வாங்க வேறு வழியே இல்லை. அதனால்தான் எல்லாரும் இந்தப் பத்திரத்தை நோக்கி ஓடுகிறார்கள்.

பத்திரத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். வீட்டுமனைக்கு என்று சொல்லிக் கூட்டிவந்து, விவரத்தில் தோப்பு, கிணற்றுப் பாத்தியம், மோட்டார் சர்வீஸ் எல்லாம் ஏறியிருக்கும். இரண்டாவது, நடுவில் வரும் "மேற்படி குடும்பத்துக்குச் சொந்தமான இதர சகல சொத்துக்களிலும் எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை" என்ற வரி. இந்த ஒரு வரி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொத்தையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். இதை வெட்டச் சொல்லுங்கள், வெட்ட மறுத்தால் எழுந்துவிடுங்கள். மூன்றாவது, பிரதிபலன், அதாவது பங்கை விட்டதற்கு வாங்கிய பணம். "ரொக்கமாக முன்னரே பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருந்தால், பின்னால் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். டிடி எண்ணோ பேங்க் பரிமாற்ற எண்ணோ பத்திரத்தில் இருக்க வேண்டும். பத்திரம் மலையாளத்தில் இருந்து உங்களுக்கு மலையாளம் பேச மட்டும் தெரியும், படிக்கத் தெரியாது என்றால், படித்துச் சொன்னது யார் என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தன் பெயர் பத்திரத்தில் ஏறும் என்று தெரிந்தால் படிக்கிறவர் கொஞ்சம் கவனமாகவே படித்துச் சொல்வார்.

ஏமாற்றி இழுத்து வந்திருந்தால் கடைசிக் கதவு சார்பதிவாளரின் மேஜை. எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா என்று அவர் கேட்பார். பலர் தலையாட்டிவிடுகிறார்கள். நான் இதை எழுதிக்கொடுக்கவில்லை என்று அங்கே மறுத்தால் பதிவுச் சட்டம் 35-ஆவது பிரிவின்படி அவர் பதிவை மறுத்தாக வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பத்து வருஷ வழக்கை மிச்சப்படுத்தும்.

பத்திரம் பதிவான பின் ரத்து கேட்டால் 3 ஆண்டுதான் கெடு, ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து. இங்கே நுணுக்கமான ஒரு வித்தியாசம் உண்டு. கையெழுத்துப் போட்டவள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டாக வேண்டும், அதன் மதிப்புக்குக் கோர்ட் கட்டணமும் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடாதவளுக்கு, அண்ணன்மார் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கேட்டாலே போதும். போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளின் நிலைமை போட்டவளைவிட எவ்வளவோ மேல். பவர் பத்திரத்துக்கும் இதேதான். பட்டா மாற்ற பவர் என்று வாங்கி விற்பனைக்கும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். கொடுத்துவிட்டால் ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்து, வாங்கியவருக்குத் தபாலில் அறிவிப்பும் அனுப்ப வேண்டும்.

"கேஸ் போட்டா பொறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது" என்ற பயம் நியாயமானது, அதை நான் லேசாகப் பேச மாட்டேன். கொங்கு நாட்டில் சீருக்கு இருக்கிற மதிப்பு அப்படி. தாய்மாமன் சீர் வராத பிள்ளை காதுகுத்து எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஆனால் சீரைப் பங்குக்கு ஈடாக வைப்பது அண்ணன்மார் போட்ட கணக்கு, சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பாதியை எழுதிக்கொடுத்துப் பாதியை வாங்கிக்கொள்ளும் சமரசத்துக்கும் இடம் உண்டு. அதைக் கோர்ட் மத்தியஸ்த மையத்தில் வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் குரல் தாழும்.

வழக்குதான் என்றானபின் இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு வழக்கு வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி சொத்தில் ஒரு பகுதி எந்தக் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ அங்கேயே முழுச் சொத்துக்கும் போடலாம், வழக்குக் காரணம் ஒன்றாக இருந்தால் போதும். பொள்ளாச்சியில் போட்டால் கேரளத்து மலையாளப் பத்திரங்களை மொழிபெயர்க்க வேண்டிவரும், சித்தூரில் போட்டால் தமிழ்ப் பத்திரங்களை. எந்தப் பக்கம் காகிதம் அதிகமோ அந்தப் பக்கம் போடுவது மிச்சம். மனுவில் "நானும் கூட்டாக அனுபவித்து வருகிறேன்" என்று உண்மையோடு எழுத முடிந்தால் நிலையான சிறு கட்டணம். "என்னை வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதினால் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். இரண்டு மாநிலக் கோர்ட் கட்டணச் சட்டத்திலும் இது 37-ஆவது பிரிவுதான். வெளியேற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் போட வேண்டும்.

வழக்குக்கு முன்னால் காகிதம். தமிழ்நாட்டுப் பக்கம் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையத்திலேயே பார்க்கலாம். உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய பத்திரம் வராது, தாய் சர்வே எண்ணையும் போட வேண்டும். கேரளத்தில் ரீசர்வே முடிந்த கிராமங்களில் பழைய எண் வேறு, பிளாக் எண்ணோடு வரும் புது எண் வேறு, இரண்டும் வேண்டும். வாரிசுச் சான்று இரண்டு பக்கமும் தாசில்தார் கொடுப்பது. கேரளத்தில் அரசிதழில் போட்டு ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள். மகள் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பித்திருந்தால் பிடிக்க வேண்டிய சமயம் அந்த 30 நாள்.

அடிக்கடி வழக்கை நிறுத்திவைப்பது பெயர். பள்ளிச் சான்றில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவன் இனிஷியல், கேரளப் பத்திரத்தில் வீட்டுப்பெயர். மூன்றும் ஒரே பெண். கேரள வில்லேஜ் ஆபீசில் "இருவரும் ஒருவரே" என்று சான்று தருகிறார்கள். அதை முதல் வேலையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரள அலுவலகங்களுக்கான மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் மிகுந்த பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குக் கொடுத்திருக்கிறது. கவுண்டரில் மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னால் இதைச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம், சட்டத்தின் பெயரும் ஆண்டும் போதும்.

அரசியல் என்று தனியாக எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் அங்கேயும் பிரச்சினை கையெழுத்துதான். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று கேரளம் 2009-லும் தமிழ்நாடு 2016-லும் சட்டம் செய்தன. தமிழ்நாட்டு ஊராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காசோலைப் புத்தகம் யார் பீரோவில் இருக்கிறது என்று பாருங்கள், ஊராட்சி யார் கையில் என்று தெரிந்துவிடும். கணவன் தலைவரின் நாற்காலியில் உட்காருவது வழக்கம் ஆகிவிட்டது, குற்றமாகப் பார்க்கவே மறந்துவிட்டோம். மேலே போகப் போக நாற்காலியே இல்லை: 2021 தேர்தலில் கேரளச் சட்டமன்றத்தின் 140 இடத்தில் 11 பெண்கள், தமிழ்நாட்டின் 234 இடத்தில் 12 பெண்கள். மூன்றில் ஒரு பங்கு தரும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தால்தான் வரும் என்ற நிபந்தனையோடு. தன் பேரில் நிலமும் பேங்க் கணக்கும் உள்ள பெண் வேட்பாளர் யாருடைய பினாமியாகவும் நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் இட ஒதுக்கீட்டையும் பாகப்பிரிவினையையும் நான் ஒரே மூச்சில் பேசுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கோயம்புத்தூர் போகிறார்கள். நகரம் அவர்களுக்குக் கொடுத்த மூச்சுக்காற்றை நான் மதிக்கிறேன். தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதச் செலவில் அது சின்ன மிச்சம் இல்லை. ஆனால் இந்தச் சலுகை கேரள பஸ்ஸில் செல்லாது, எல்லையில் வாழ்கிறவளுக்குச் சலுகை பாதி வழி வரைதான்.

ஹாஸ்டலில் சேரும்போது 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மகளிர் விடுதிகள் சட்டத்தின் கீழ் பதிவு உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். வீடு எடுத்தால் ஒப்பந்தம் குடியிருப்பவளின் பெயரில் இருக்கட்டும், "அப்பா பேர்ல போடுங்க" என்று ஓனர் சொன்னாலும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி முன்பணம் 3 மாத வாடகைதான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். ஆகவே இங்கேயும் எழுதியிருப்பதைப் படித்த பிறகே கையெழுத்து.

வேலையிடத்தில் பாலியல் தொந்தரவு என்றால் 2013 சட்டப்படி 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான கடை, பேக்கரி, வீட்டு வேலை என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம். நிறையப் பேருக்கு இந்தக் குழு இருப்பதே தெரிவதில்லை.

புகுந்த வீட்டில் அடி வாங்கி எல்லை தாண்டித் தாய்வீடு வந்தவளை, "அது வாளையார் லிமிட்டும்மா, அங்க போங்க" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173-ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது. கணவன் வீட்டுக் கொடுமை வழக்கை அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே நடத்தலாம் என்று 2019-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுவை அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே கொடுக்கலாம். நகைக்கு ரசீதும், கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் கையெழுத்திட்ட பட்டியலும் இருந்தால் திரும்ப வாங்குவது பாதி முடிந்த மாதிரி. போட்டோ மட்டும் இருந்தால் பவுன் கணக்கில் இழுபறிதான்.

கடைசியாக, வழக்கில் ஜெயித்தவர்கள் தோற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் பாகம் கிடைத்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதில் பங்கின் அளவு மட்டும்தான் இருக்கும். இறுதித் தீர்ப்புக்கு மனுப் போட்டு, கோர்ட் அனுப்பும் கமிஷனரும் சர்வேயரும் வந்து கல் நட்டு, வரைபடம் தாக்கலாகி, இறுதித் தீர்ப்பு வர வேண்டும். அதற்கு முத்திரைத்தாள் வாங்கிக் கொடுக்க வேண்டும். தாள் கொடுக்காமல் தள்ளிப்போட்டாலும் நிறைவேற்றுவதற்கான 12 ஆண்டுக் கெடு தீர்ப்புத் தேதியிலிருந்தே ஓடும்.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் தாலுகா ஆபீசில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா, கேரளத்துப் பக்கம் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து தனித் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு எண்). கூட்டுப் பட்டாவோடு நின்றுவிட்டால் கடன் வாங்குவதும் கஷ்டம், விற்பதும் கஷ்டம். தண்டப்பேர் விழுந்த வருஷமே நிலக்கரத்தை அவள் பெயரில் கட்டி ரசீதை வாங்கி வைக்க வேண்டும். அதோடு ஒரு உயிலும். பிள்ளைகளோ அவர்களின் பிள்ளைகளோ இல்லாமல் போனால், அப்பா வழியில் வந்தது கணவன் இருந்தாலும் அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும், கணவனும் இல்லையென்றால் அவள் சம்பாதித்து வாங்கியது கணவனின் வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. அவள் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும்.